சட்டசபைக்குக் கொடுத்தனுப்பிய வயிற்றுவலி

என் தங்கை எம்.எல்.ஏ. ஆன பிறகும் நான் மில்லுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். மில் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தி கேட்காமல் இருக்கமாட்டாள். "தங்கச்சி எம்மெல்லே, அக்கா இன்னும் பஞ்சுத் தூசியிலயா?" நானும் விடமாட்டேன். "அவ நாற்காலியில எனக்குப் பாதி ஒதுக்கச் சொல்லியிருக்கேன். உத்தரவு வந்ததும் போயிருவேன்" என்பேன். பஸ்ஸே சிரிக்கும். இப்போது யாரும் கேட்பதில்லை.

அவளும் என்னோடு அதே மில்லில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவள்தான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. சூபர்வைசரோடு மல்லுக்கட்டி, வேலையை விட்டு, தொழிற்சங்கத்துக்குப் போய், அங்கிருந்து கட்சிக்குப் போனாள். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தொகுதிகளில் ஒன்றில் சீட்டுக் கொடுத்தார்கள், ஜெயித்தும்விட்டாள். ஜெயித்த கையோடு, பஸ் நிறுத்தத்தில் பூட்டியே கிடந்த பாலூட்டும் அறையைத் திறக்க வைத்தாள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அதிகாரிகளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதை அவள் நடித்துக் காட்டும்போது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

ஆனால் அவள் மனசில் வைத்திருந்தது மாத்திரை விஷயம். தீட்டு நாளில் வயிறு வலிக்கிறது என்று போனால் சூபர்வைசர் ஒரு மாத்திரை கொடுப்பார். அட்டை இருக்காது, பெயர் இருக்காது, உள்ளங்கையில் வெறும் மாத்திரை. போட்டால் செத்த நேரத்தில் வலி போய்விடும். நாமும் மெஷினுக்குத் திரும்பிவிடுவோம். அப்படி வருஷக்கணக்காக விழுங்கினேன். பிறகு எனக்கு இரத்தப்போக்கு நிற்காமல் போயிற்று. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது முப்பது தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். மாத்திரையால் வந்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். என்ன மாத்திரைன்னே தெரியாம நான் என்னம்மா சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

இது என் வீட்டுக்காரருக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் வயிற்றில் கட்டி, எடுத்தாயிற்று என்று சொல்லி வைத்திருந்தோம்.

தொழிலாளர் துறை மானியக் கோரிக்கையில் பேச அவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதாவது, அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் உறுப்பினர்கள் தங்கள் குறைகளைச் சொல்லும் நாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒன் விஷயத்தச் சபையில சொல்லட்டா?"

"பைத்தியமாடி ஒனக்கு?"

"பொத்தாம்பொதுவா பெண்கள் பாதிக்கப்படுறாங்கன்னா எவனும் காதுல வாங்கமாட்டான். என் கூடப்பொறந்த அக்கான்னு சொன்னா சபையே திரும்பிப் பாக்கும். டாக்டர் சீட்டு இல்லாம மில்லுல மாத்திரை குடுத்தா தண்டனைன்னு சட்டத்துல சேக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

முடியாது என்றுதான் சொன்னேன். அந்தச் சமயம் என் மகளுக்கு அய்யலூரில் ஒரு வீட்டில் பேசி முடிக்கிற நிலைமை. நல்ல இடம், பையனும் தங்கமான பையன், அவளுக்கும் பிடித்துப்போயிருந்தது. அவளும் கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வருஷம் எங்கள் மில்லுக்கு வந்தவள். என் கதை வெளியே போனால், அந்தப் பிள்ளையும் அதே மாத்திரையைப் போட்டிருக்குமே என்றுதானே அவர்கள் யோசிப்பார்கள்? போட்டிருந்தாள். அது எனக்கும் தெரியும். அவள் போட்டிருக்கிறாள் என்பதற்காகத்தான் ஊருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தபிறகு, அதற்காகத்தான் தெரியவேண்டும் என்றும் தோன்றியது. மறுநாள் காலையில் போன் போட்டு, "சொல்லிக்கடி" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஊருக்கே தண்டோராப் போடப் போறியா?"

"போட்டுட்டுப் போறேன்" என்றேன். அவர் தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை எடுத்து மூடி வைத்தேன்.

டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் சம்பந்தி வீட்டாருக்கு அது மரியாதையாக இருக்காது. அதனால் நானே பஸ் ஏறி அய்யலூர் போனேன். பையனுடைய அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளியாள் ஒருத்தரிடம் முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அந்தம்மா முகம் சுளிக்கவில்லை. டீ கொடுத்தது, வாசல்வரை வந்தது. "யோசிச்சுச் சொல்லுறோம் மதினி" என்றது. போன தடவை மதினி என்று கூப்பிட்டபோது கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டிருந்தது.

தங்கை பேசிய அன்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டேன். அதற்குள் மகளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். சாயங்காலம் கட்சிக்காரப் பையன் ஒருவன் வீடியோவை அனுப்பினான். நானும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். தங்கை எழுந்து நின்றாள். முதலில் கட்சித் தலைவரைத் தாய் என்றாள், தந்தை என்றாள். சரி, ஆரம்பத்தில் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மலை என்றாள், கடல் என்றாள். பிறகு துறை அமைச்சர். பிறகு மாவட்டத்து அமைச்சர். பிறகு பேச வாய்ப்பளித்த கொறடா. பிறகு ஓட்டுப்போட்ட மக்கள், அவர்களை வாழவைக்கும் தலைவர் மறுபடியும். மணி அடித்தது.

"ஒரே நிமிடம், பேரவைத் தலைவர் அவர்களே. எங்கள் பகுதி நூற்பாலைகளில் பணிபுரியும் சகோதரிகளுக்கு…"

மறுபடி மணி. "எழுதி அமைச்சர்ட்ட குடுத்துருங்கம்மா" என்று பேரவைத் தலைவர் சொன்னார். நன்றி, வணக்கம் என்று சொல்லி உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதானாம்மா?" என்றாள் மகள்.

"அம்புட்டுத்தான்" என்றேன். உலை வைக்க எழுந்து போனேன். அரிசி களையும்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டால் தொடுவது தெரிகிறது, வலிதான் தெரியவில்லை.

அமைச்சரின் பதிலுரையும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. நூற்பாலைப் பெண்களின் உடல்நலம் குறித்து இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை என்று பெருமையாகச் சொன்னார். உடனே எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. தங்கையும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பிறகு மில்லுக்குப் போனேன், வந்தேன், சோறாக்கினேன். அய்யலூரிலிருந்து போன் வரவில்லை. மகள் போனைச் சார்ஜில் போட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுக்காரர் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. வீட்டில் எல்லோரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டோம்.

தங்கை வந்தாள். கூட வந்த வெள்ளைச் சட்டைகளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"சுருக்கமாத்தான்க்கா வச்சிருந்தேன். எனக்கு முன்னால பேசுனவுக அம்புட்டுப் பேரும் அப்பிடிப் பேசுனாக. நான் மட்டும் கொறச்சா கண்ணுக்குத் தெரியும். அடுத்து பேசவே விடமாட்டாகக்கா."

அவள் சொல்வது பொய் இல்லை. நான் போனை எடுத்து அமைச்சர் பேசியதைப் போட்டுக் கையில் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தட்டும் சத்தம் வந்ததும் அவள் அழுகை நின்றுவிட்டது.

"நானா தட்டுனேன்?"

"ஒன் வளையல்தானடி அது."

"தெரியலக்கா. எல்லாரும் தட்டுனாக. கை தன்னால போயிருக்கு." இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, "அய்யலூர்ல என்ன சொன்னாக?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. இனிமேயும் சொல்லமாட்டாக."

உள்ளறையில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த கூட்டத்துல மொத வார்த்தையே ஒன்னப் பத்தித்தான்க்கா. சத்தியமா. தலைவரு, மந்திரி எல்லாம் அப்புறம்தான்."

"என்னப் பத்தி நீ ஒண்ணும் பேச வேணாம். யாருக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேனோ அவுகட்ட நானே சொல்லிட்டு வந்துட்டேன். அந்த மந்திரி மறுபடி எந்திரிச்சு புகாரே இல்லம்பாரு. அப்ப மட்டும் ஒன் கைய மடியில வச்சுக்கடி."