கரி பூசிய பால் பவுடர் டப்பா

அம்மாவுக்குக் காதாக நான் வேலை பார்த்த காலம் ஒன்று உண்டு. சம்பளம் கிடையாது. ஆனால் வீட்டில் என்னைவிட முக்கியமான ஆள் இல்லை என்ற மிதப்பு இருந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அம்மாவின் கேட்கும் சக்தியைக் கொண்டுபோய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகு இது பெரிய தொல்லையாகிவிட்டது. சமையலறை வீட்டின் கடைசியில். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, உச்சி வெயிலில் அப்பா கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். உள்ளே அம்மா நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

கதவைத் திறந்தே வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் பிளாக் முழுவதும் முன்பு மேய்ச்சல் நிலம். அது கைமாறிய விஷயத்தை மாடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு பசு நேரே சமையலறைக்கே வந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஊறவைத்திருந்த அரிசியைத் தின்று முடித்து, அவள் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே நின்றிருந்தது.

ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது. யாராவது கதவைத் தட்டினால் ஓடிப்போய் அம்மாவின் முந்தானையை இழுப்பேன். அதோடு விடுவேனா? சுரங்கத்துச் சங்கு ஊதியது, பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது, எதிர்வீட்டு மாமி யாரையோ திட்டியது எல்லாவற்றையும் சொல்வேன். அம்மா வேலையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்ப்பாள். என் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இவளும் போய்விட்டால் கதவை யார் பார்ப்பது என்பார் அப்பா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கி ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிக்கொண்டிருந்தார். எதையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்பாவின் அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டியதில் இரண்டு திருகாணி மிச்சமாகிவிட்டது. கடிகாரம் ஓடத்தான் செய்தது. அலாரம் மட்டும் தனக்குப் பிடித்த நேரத்தில் அடித்தது. யாராவது கதவுக்கு வந்தால் தனக்குத் தெரிய ஒரு வழி செய்யச் சொல்லி அம்மா அவரிடம் கேட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒயர் சுருளோடு உட்கார்ந்தபோது, வீட்டுக் கரண்ட் பக்கமே போகக்கூடாது என்று அப்பா முதலிலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

மாமா டார்ச் லைட்டைப் பிரித்து, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தார். வாசல் நிலையில் ஒரு மரத்துண்டை அடித்து, அதில் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு பித்தளைத் தகடுகளை வைத்தார். மேல் தகட்டை அழுத்தினால் அது கீழ்த் தகட்டைத் தொடும். உடனே சமையலறை நிலைக்கு மேல் டார்ச் பல்பு எரியும். என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். அம்மா திரும்பவே இல்லை. அந்தப் பகல் வெளிச்சத்தில் பல்பு எரிகிறதா என்று மாமாவுக்கே சந்தேகம். போதாக்குறைக்கு, அடுப்பைப் பார்த்து உட்காரும் அம்மாவுக்கு அந்த நிலை முதுகுப் பக்கம். எனக்குள் ஒரே குதூகலம்.

“விடுங்க மாப்பிள்ள, அதான் இவ இருக்கால்ல” என்றார் அப்பா.

மாமா ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். காலியான பால் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, பானையின் அடிக்கரியை விரலால் வழித்து உட்புறம் முழுக்கப் பூசினாள். டப்பாவின் அடியில் துளை போடச் சொல்லி, பல்பை அதற்குள் நுழைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் உப்புச் சாடி இருந்த இடத்தில் படுக்கவைத்தாள். மறுபடி வாசலுக்குப் போய் அழுத்தினேன். அடுத்த நொடி கரிக் கையோடு அம்மா கதவைத் திறந்தாள். கறுத்த டப்பாவுக்குள் பல்பு பட்டப்பகலிலும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“ஏங்க, இந்தப் பிள்ளைய நாளைக்கே பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க” என்றாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் வேலை பர்மனென்ட் என்று நினைத்திருந்தேன். வெறும் காண்ட்ராக்ட்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வரும் தயிர்க்காரம்மாவிடம் தகட்டை அழுத்தச் சொன்னேன். தொட மாட்டேன் என்றார். “கரண்ட்ட கதவாண்ட வச்சிகினு என்னத் தொடச் சொல்றியேம்மா” என்று புலம்பி, கடைசியில் சும்மாட்டுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அழுத்தினார். அம்மா சொம்போடு வந்து நின்றாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவோடு பள்ளிக்கூடம் போனேன். எனக்கிருந்த கடைசி நம்பிக்கையும் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தட்டாமல் தகட்டை அழுத்தினேன். அம்மா கதவைத் திறந்தாள். பையைக்கூட இறக்கவிடாமல் என்னை எதிரே உட்காரவைத்தாள்.

“இன்னைக்கு என்னென்ன கேட்ட? ஒண்ணு விடாமச் சொல்லு.”

மணி அடித்ததைச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு கத்தியதையும், பலகையில் பலப்பம் கிறீச்சிட்டதையும் சொன்னேன். கிறீச் என்றால் எப்படி என்று கேட்டாள். செய்து காட்டினேன். அவள் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

டப்பா கதவை மட்டும்தான் சொல்லும். வேறு எதையும் சொல்லாது. அன்றைய பகல் முழுவதும் அம்மா அந்தச் சமையலறையில் ஒரு சத்தத்தையும் சொல்ல ஆளில்லாமல் இருந்திருக்கிறாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு தினமும் கேட்டாள், நானும் தினமும் சொன்னேன். பாடத்தை ஒழுங்காகக் கவனிக்கிறேனா என்று அம்மா பரீட்சை வைக்கிறாள் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.