எம்.பியின் தொகுதிக்கு வெளியே

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். வடை பொரித்த எண்ணெய் மணம், ஈரக் குடைகளின் மணம்... மேடையில் லண்டனிலிருந்து வந்த வெள்ளைக்கார எம்.பி. கழுத்தில் ஏழு பொன்னாடைகள்.

"எங்கட பிரச்சினையை முடிக்கப்போற ஆள் இவர்தான்" என்றார் சங்கத் தலைவர். எதிர்க்கட்சியின் பின்வரிசையில் இருப்பவரால் என்ன முடியும் என்று கேட்டேன்.

"நீர் படிச்ச ஆள். உமக்கு எல்லாத்திலயும் குறைதான்."

ஊரில் போரில் காணாமல்போனவர்களின் குடும்பங்கள் வரிசையாக மேடையேறின. இரண்டு கைகளாலும் மனுக் கோப்பை அவரிடம் கொடுப்பது, படம் எடுப்பது, இறங்குவது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், மகனின் ஒரேயொரு படத்தையும் கோப்புக்குள் வைத்துக் கொடுத்தார்.

மாலை ஆறு மணிக்குள் மண்டபத்தைத் துடைத்துச் சாவியைக் கொடுக்க வேண்டும். துடைக்கும்போது பார்த்தேன்... மாலைகளுக்கு அடியில் அத்தனை கோப்புகளும் கிடந்தன. பொன்னாடைகள் மட்டும் போயிருந்தன.

நானே அவற்றைத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. தன் தொகுதி மக்களின் மனுக்களை மட்டுமே எம்.பி கவனிக்கலாமாம். அதுதான் அங்கத்தைய வழக்கமாம்.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும், சனம் உடைஞ்சு போயிடும்" என்றார் தலைவர். நானும் சொல்லவில்லை. பெட்டி என் நிலவறையில் இருக்கிறது.

பிறகு எம்.பி முன்வரிசைக்கு வந்தார், கட்சி ஆட்சியைப் பிடித்ததும் துணை அமைச்சரானார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் வெல்ல வேண்டுமென்று அக்கா இங்குள்ள அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போவார்.

"அர்ச்சனைக்கு அவற்ற நட்சத்திரம் என்ன தம்பி?"

"தெரியாது அக்கா."

"அப்ப என்ர மகன்ர நட்சத்திரத்திலயே செய்விக்கிறன்."

கடைசித் தேர்தலில் எம்.பி தோற்றார். இப்போது இங்கே சூக் நகரில் ஒரு கம்பனிக்கு ஆலோசகர். நான் வேலை செய்யும் உணவகத்தில்தான் மதியச் சாப்பாடு. அந்த மண்டபத்தை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "அருமையான மக்கள், அருமையான சாப்பாடு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மெனுவைப் பார்த்தார்.

அன்று அவருக்காக ஒரு மண்டபமே எழுந்து நின்றது. இன்று சூப் ஆறிவிட்டது என்று என்னிடம் குறை சொல்கிறார்...

போன கிழமை அக்கா போன் எடுத்தார். "அவர் தோத்திட்டாராமே. இனிக் கோப்பை ஆர் பாப்பினம்?"

"புது ஆளிட்டக் குடுப்பினம் அக்கா" என்றேன். இதற்கும் நான்தான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பதிவின் கீழே என் பெயரைப் போடத்தான் நினைத்தேன். போட்டால் நாளைக்கே அக்கா வாசலில் நின்று மகனின் படத்தைக் கேட்பார். அவருக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

பெயரில்லாமலே போடுகிறேன்.