கேப்டன் காயப்போட்ட வெள்ளைத் துண்டு

எங்கள் தெருக் கேப்டன் கப்பலிலிருந்து இறங்கிப் பத்து வருடம் ஆகிறது. அதிகாரம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. காய்கறித் தள்ளுவண்டியைக்கூட நேராக நிறுத்தச் சொல்வார். சொந்தம் என்று யாருமில்லை. கீழ்வீட்டுப் படகுக்காரர் குடும்பம்தான் எல்லாம். சாப்பாடு அங்கிருந்துதான் மேலே வரும். படகுக்காரரின் மனைவி அவரை வாய்நிறைய அண்ணே என்பாள்.

பதிலுக்கு அவர் செய்தது ஒரே வேலை. காற்றழுத்தம் காட்டும் பித்தளைக் கருவி ஒன்று அவர் சுவரில் தொங்கியது. விடிந்ததும் ஊசியைப் பார்ப்பார். ஊசி இறங்கி, கடல் சரியில்லை என்று காட்டினால் மாடியில் துணி காயப்போடும் கொடியில் சிவப்புத் துண்டு. சரி என்றால் வெள்ளை. படகுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டு முறை சிவப்பு. இரண்டு நாளும் கடல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மற்றவர்கள் கூடை கூடையாக மீன் கொண்டுவந்தார்கள். படகுக்காரரின் மனைவி சிரித்தாள்.

“ஏண்ணே, கப்பலையும் இப்படித்தான் கரையிலேயே கட்டிப் போட்டிருந்தீங்களா?”

கேப்டனும் சிரித்தார். ஆனால் உள்ளே சுருக்கென்றது. மனிதருக்கு ரோஷம் அதிகம். மறுநாள் காலை ஊசி மறுபடியும் இறங்கியிருந்தது. சிவப்புத் துண்டைக் கையில் எடுத்தவர், அதை வைத்துவிட்டு வெள்ளையைக் காயப்போட்டார்.

மத்தியானம் பேய்க்காற்று. படகு அலைத்தடுப்புக் கற்களில் மோதி, படகுக்காரரின் இடது கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கேப்டன் வாயைத் திறந்தது ஒரு பொய் சொல்ல. “கருவி பழசாயிடுச்சு. ஊசி ஏமாத்திடுச்சு.” ஒரு கப்பலையே நடத்தியவர், வாயில்லாத பித்தளை மேல் பழியைப் போட்டார்! அடுத்த வீட்டில் துணி தைத்துக்கொண்டிருக்கும் என்னிடம் கேப்டனே பிறகு இதைச் சொன்னபோது, எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எட்டு மாதம் சாப்பாடு தவறாமல் வந்தது. படகுக்காரரின் மனைவி முன்போல் கிண்டல் செய்வதில்லை. கணவரின் காலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் மேல்தான் கோபம் என்று கேப்டன் நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள், பழுது பார்த்துக் கொடுத்தால் கேப்டன் சந்தோஷப்படுவாரே என்று, படகுக்காரர் அந்தக் கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஊன்றுகோலோடு பஸ் ஏறிப் போய் ரிப்பேர்காரரிடம் காட்டிவிட்டு வந்தார்.

“கேப்டன், இதுல ஒரு கோளாறும் இல்லையாம்! ஊசி கெடவே இல்லையாம்!”

கேப்டன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “தெரியும்ப்பா. அன்னிக்கும் அது சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் வீம்புக்கு வெள்ளையைப் போட்டேன்.”

படகுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“இவரு அன்னிக்கு வானத்தைப் பாத்துட்டு, வேண்டாம்னுதான் சொன்னாரு. அண்ணன் வெள்ளை போட்டிருக்காரு, ஏற்கெனவே கிண்டல் பண்ணிட்டேன், இன்னிக்கும் போகலைன்னா அவர் மனசு நோகும்னு நான்தான் புடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினேன். எட்டு மாசமா இந்தக் காலை என்னால பாக்க முடியலண்ணே. உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தப் பழியில பாதியாவது நீங்க சுமந்திருப்பீங்கல்ல?”

படகுக்காரரின் காலை நினைத்துத்தான் கேப்டன் இத்தனை நாள் உருகினார். அவளை நினைக்கவேயில்லை.

கருவி இப்போது கீழ்வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சாப்பாடு இன்னும் மேலே வருகிறது. தட்டை வைத்துவிட்டு அவள் பேசாமல் போய்விடுகிறாள். அவள் ஏதாவது ஒன்று சொல்லிக் கிண்டல் செய்யமாட்டாளா என்று, சோற்றில் கை வைக்காமல் கேப்டன் காத்திருக்கிறார்.