கார்டைக் கழுவக் கொடுத்தவர்

என் கணவர் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க பிலிம் கேமராவில்தான் படம் எடுத்தார். தொழிலாக அல்ல, ஆசைக்கு. அந்த ஆசையிலும் ஒரு கஞ்சத்தனம் உண்டு. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை என்றால் ஒரே ஒரு படம். அதற்காகப் பூசணிக்காயும் நெற்கதிருமாக நாங்கள் எல்லோரும் வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். சூரியன், படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டுமாம். அவர் பித்தானை அழுத்துவதற்குள் பிள்ளைகளில் பாதிப் பேர் அழத் தொடங்கியிருப்பார்கள். ரோல் முழுக்கத் தீர்ந்தால்தான் ஸ்டூடியோவில் கழுவக் கொடுப்பார். ஆகவே கிறிஸ்துமஸுக்கு எடுத்த படம் எங்கள் வீட்டுக்கு வந்துசேரும்போது குருத்தோலை ஞாயிறு நெருங்கியிருக்கும்.

கேமராவை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். என் கையிலும்தான். எனக்குக் கை ஆடும் என்பார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் வருஷக்கணக்காகக் கோணாமல் எழுதிய கை இது. சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஒரு சம்பா அறுப்பு சமயத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விடவில்லை. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்ததால் ஆல்பங்களை எடுத்துப் புரட்டினேன். நாகப்பட்டினம் கடற்கரை இருந்தது. தரங்கம்பாடிக் கோட்டை இருந்தது. நாற்று நடுகிற பெண்கள், என் தங்கை கல்யாணம், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள் எல்லாம் இருந்தன. அவர் மட்டும் இல்லை. சில படங்களின் அடியில் அவருடைய நிழல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் கல்யாணப் படத்தை விட்டால் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. மனுஷன் பிழைத்து வரட்டும், முதல் வேலையாக எனக்கும் எடுக்கத் தெரிகிற மாதிரி ஒரு கேமரா வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எல்லோர் கையிலும் டச் போன் வருவதற்கு முந்திய காலம் அது.

பிழைத்து வந்தார். உடம்பு தேறியதும் தஞ்சாவூருக்கே கேமரா வாங்கப் போனோம். பிலிம் கிடைப்பது அரிதாகிவிட்டதால் அவரும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்திருந்தார். கடையில் அவர் ஒவ்வொரு கேமராவையும் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பது போல அதன் வாயைத் திறந்து பார்த்தார். கடைசியில், உடம்பெல்லாம் திருகாணியாக இருந்த ஒரு பெரிய கேமராவின் மேல் மனசு போய்விட்டது. யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நானும் எடுப்பேங்க. அமுக்கினா படம் விழணும். அப்படி ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரர் சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். இதில் கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டையே இல்லையே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எப்படி எடுப்பது என்று என் கணவர் கேட்டார். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு எடுக்கலாம் என்றேன். அதற்கும் மசியவில்லை. கனமானதைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவரால் டாக்டரை எதிர்த்துப் பேச முடியாது. சோப்பு டப்பாவோடு பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு அது பிலிம் கேமராதான். ஒரு படம் எடுப்பார், உடனே அணைத்துப் பெட்டிக்குள் வைப்பார். எடுத்ததைத் திரையிலேயே பார்க்கலாமே என்றால், கழுவுவதற்கு முன்னால் பார்ப்பது நல்ல பழக்கமில்லை என்பார். அந்தக் கொள்கை எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. அவர் பெட்டியில் வைத்ததை நான் எடுப்பேன். மடை திறக்கக் குனிந்தபோது ஒன்று, பேப்பரை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கியபோது ஒன்று, மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது நாலைந்து. கேமராவோடு இனாமாகக் கொடுத்த, படங்கள் பதிகிற சின்ன கார்டு சீக்கிரமே நிறைந்துவிட்டது. டிஜிட்டலில் ரோல் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று ஆச்சரியப்பட்டார். கார்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, வெளிச்சம் படாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கும்பகோணத்தில் வழக்கமான ஸ்டூடியோவுக்குக் கழுவக் கொடுக்கப் போனார். அங்கே இருந்தவர்களும் பழைய மரியாதையில் ஒன்றும் சொல்லாமல் அத்தனையையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கோபமாகத்தான் திரும்பி வந்தார். சாப்பாட்டு மேஜையில் படங்களைப் பரப்பினார். அவர் எடுத்த சிலதை விட்டால் மற்ற எல்லாவற்றிலும் அவரே இருந்தார். ஒரே ஆளை இத்தனை தடவையா எடுப்பது, அதுவும் வாயைத் திறந்து தூங்குகிறவனை என்று சத்தம் போட்டார். வழக்கமாகப் பதிலுக்கு நானும் சத்தம் போடுவேன். அன்றைக்கு முடியவில்லை.

"நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, இந்த வீட்டுல பாக்கறதுக்கு உங்க முகம் ஒண்ணுகூட இல்லைங்க" என்றேன்.

அவர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தூங்குகிற படத்தையும் பார்த்தார். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். எனக்கே கொடுக்காத மனுஷன். பின்னாலேயே வாசலுக்குப் போயிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களை நிற்கவைத்தே பழகியவர்.

"நான் எங்க பாக்கணும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

கேமராவைப் பாருங்கள் என்றேன். அந்த அம்மா அமுக்கிவிட்டார். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, என் தலைக்கு மேல் கொடிக்கயிறு ஓடுகிறது, அவருடைய கணக்கில் அது வீணாய்ப்போன படம். நான் சொன்னபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.