சுதாஜினியின் பதினான்கு குச்சிகள்

முழங்காலில் இருந்து, கன்னம் தரையில் முட்டுமாப்போலக் குனிந்து, நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேற்றர் பட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் சுதாஜினி. காலை ஆறே முக்கால். ஆலை இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பட்டியைக் கையால் தொடமாட்டார். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு தலையைச் சரித்து மேலே. பார்த்து முடிய எழும்பி, முழங்காலில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டு, "இண்டைக்கு ஓடலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் மெசின்காரர் சுவிச்சில் கை வைப்பார்கள். பதினொரு வருசமாக அதே ஆலையில் மேற்பார்வையாளனாக இருக்கிற என் வாயிலிருந்து வரும் உத்தரவுக்கு அந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இவரில் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. பொறாமை பிடித்தவன் எழுதுவதை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக நம்பலாம். இரண்டு வருசமாக இந்த மனிசியை என்னளவுக்கு உற்றுப் பார்த்தவன் இந்த வன்னியில் வேறு ஒருவனும் இல்லை.

ஆலை மல்லாவிக்கு அங்காலே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. முதலாளி முத்தலிப் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு தொழிலாளியின் விரல் பட்டிக்குள் போனபிறகு, பாதுகாப்புக்கென்று தனியாக ஓர் ஆளைப் போடுவதாக நானா முடிவெடுத்தார். அந்த ஆள் நான்தான் என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். ஒன்றரை வருசம் சனிக்கிழமை தவறாமல் வவுனியாவுக்கு பஸ்ஸில் தொங்கிப் போய், தொழிற் பாதுகாப்பில் டிப்ளோமா முடித்தவன் நான். சான்றிதழ் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

நேர்முகத்தேர்வு நாளில் என்னுடைய முறைக்காக வெளியே கதிரையில் இருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே சுதாஜினி. முழங்கால் வெளிறிய காற்சட்டை, கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

"முன்னம் என்ன வேலை பிள்ளை?" நானா கேட்டார்.

"கண்ணிவெடி எடுத்தனான். ஒன்பது வருசம்."

"எத்தினை எடுத்தனீங்கள்?"

"அது கணக்கில இருக்கு நானா. ஆனா அதில்லைக் கதை. நான் துப்பரவாக்கின நிலத்தில இண்டு வரைக்கும் ஒருத்தருக்கும் காயமில்லை."

என்னை உள்ளே கூப்பிட்டபோது நானா என்னுடைய சான்றிதழைப் பார்த்து, "நல்லம், நல்லம்" என்று தடவிக் கொடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஒன்பது வருசத்துப் பழக்கம் இவரை விட்டுப் போகவில்லை. ஐம்பது நிமிசம் வேலை, பத்து நிமிசம் ஓய்வு. கூரையே இடிந்தாலும் அந்தப் பத்து நிமிசத்தைக் குறைக்கமாட்டார். "கை களைச்சால் கண் பொய் சொல்லும் சேர்" என்பார். ஓய்வில் வெறுந் தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும். நிலத்தில் விழுந்த எதையும் சட்டென்று எடுக்கமாட்டார். ஒருநாள் என்னுடைய பேனை விழுந்தது. நின்றார், சுற்றிப் பார்த்தார், ஒரு காலை முன்னுக்கு வைத்தார், பிறகுதான் குனிந்தார். ஒரு பேனைக்கு இவ்வளவு சடங்கா என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காதுத் தோட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் ஆலைக்குள் நுழைவார். ஆரையும் ஏசமாட்டார். அதுதான் இன்னும் கோபம். ஏசினால் நாலு பேராவது என் பக்கம் வந்திருப்பார்கள்.

பொயிலர் அறையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே அடுப்புக்கு மேலே ஒரு பிள்ளையார் படம், ஒரு சின்ன விளக்கு. சாமிக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்பதா? ஆட்கள் வாசலிலேயே பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்ச் சுடுசாம்பலை அள்ளுவார்கள். காலில் கொப்புளம் இல்லாத ஆள் இல்லை. "சப்பாத்து கட்டாயம்" என்று மூன்று மொழியில் பலகை அடித்துத் தொங்கவிட்டேன். அவர் வருவதற்கு முந்தி இரண்டு வருசம் கத்தினேன். அந்தப் பலகைக்குக் கீழேதான் சப்பாத்துகளை அடுக்கினார்கள்.

சுதாஜினி வந்த மூன்றாம் கிழமை, அறை வாசலில் நின்று, "ஐயோ பாவம், பிள்ளையார் எவ்வளவு காலமா உந்த வெக்கைக்க நிக்கிறார்" என்றார். அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை மோதகம் அவித்து, தேங்காய் உடைத்து, பிள்ளையாரை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்த் தகரக் கூரை போட்டு இருத்தினார்கள். மோதகம் எல்லாருக்கும் கிடைத்தது, நானாவுக்கும் ஒரு தட்டில் போனது. அன்றைக்கே சப்பாத்து காலில் ஏறிவிட்டது. மூன்று மோதகம் நானும் தின்றேன். ருசியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள இன்றைக்கும் மனம் வரவில்லை.

இனி அந்தக் குச்சிகள். முழ உயரத்தில் பதினான்கு குச்சிகள், தலையில் சிவப்புப் பூச்சு, அடியில் சீமெந்து ஊற்றிய பழைய பால்மாத் தகர ரின். ஆலைக்குள் எங்கே ஆபத்தோ அங்கே ஒன்றைக் கொண்டுபோய் வைப்பார். வயரில் தோல் உரிந்திருந்தால் அங்கே ஒன்று, ஏணி ஆடினால் அங்கே ஒன்று. நான் ஒட்டிய பளபளப்பான அறிவித்தல்களை வாசிக்க ஆளில்லை. இந்தக் குச்சியை வாசிக்கத் தெரியாத ஆளும் இந்த மண்ணில் இல்லை. மீளக் குடியேறிய காலத்திலிருந்து பச்சைக் குழந்தைக்கும் தெரியும், சிவப்புத் தலைக் குச்சிக்கு அங்காலே கால் வைக்கக்கூடாது. "சிவப்பைக் கண்டா கால் தானா நிக்கும் சேர், நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்பார். ஆபத்து நீங்கினால் அவரே வந்து எடுப்பார். வேறு ஒருவரும் தொடக்கூடாது. ஏழுக்கு, பத்துக்கு, ஒன்றுக்கு, நாலுக்கு என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சுற்றி வந்து எண்ணுவார். திங்கட்கிழமையில் தலைகளுக்குப் புதுப் பூச்சு.

இந்த வருசம் காலபோக அறுவடை நேரம், மாசியில் எதிர்பாராத மழை. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. எலிவேற்றர் நிற்கிற குழிக்குள் வெள்ளம் ஏறி, கிடந்த நெல் அழுகி மணந்தது. பட்டி ஓடாது. வாசலில் பதினொரு லொறி ஈர நெல்லோடு நின்றது. மூட்டைகளுக்குள் நெல் முளைக்கத் தொடங்கிவிட்டது என்று கமக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

திங்கட்கிழமை காலை சுதாஜினி குழி வாயில் ஒரு குச்சியை வைத்தார். "உள்ளுக்க நச்சுக் காத்து நிக்கும். மூடியைத் திறந்து விசிறியைப் பிடிப்பம். நாளைக்கு விடியத்தான் ஆள் இறங்கலாம். அதுவரைக்கும் மேல நிண்டு வாளியால அள்ளுங்கோ."

"நெல்லு முளைக்குது, வாளியால அள்ளுறதோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினேன்.

"நெல்லு முளைச்சால் நட்டம் சேர். ஆள் விழுந்தால்?"

நானா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தத் தலையாட்டல் எனக்குள்ளே போட்ட நெருப்பை எப்படிச் சொல்ல? டிப்ளோமா படித்தவன் நான். வெட்கத்தில் காது கொதித்தது.

ஒன்பதரைக்கு அவர் பொயிலர் பக்கம் போனார். குழியடியில் ஒருவரும் இல்லை. குச்சியின் தலையில் பிடித்து ரின்னோடு தூக்கி, உமி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு என்னுடைய அறைக்குப் போய் ஜன்னலடியில் இருந்தேன். ஒருவரையும் இறங்கச் சொல்லவில்லை, ஒருவரையும் இறங்கச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் வற்றி, பட்டி ஓடி, "பிரதாபன் இல்லாட்டில் உது நடந்திராது" என்று நானா ஒரு தரம் சொன்னால் போதும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் ஆலையில் வேலை செய்கிற அப்புத்துரை அண்ணை வந்தார். ஐம்பத்தெட்டு வயது, வீட்டில் வெங்காயத் தோட்டம், கிணறும் தண்ணீர் இறைக்கிற பம்மும் தெரிந்த கை. குழி வாயைப் பார்த்தார். குச்சி இல்லை. "பிள்ளை பாத்து எடுத்திட்டுது போல" என்றார், பக்கத்தில் நின்ற மெசின்காரப் பெடியன் றம்சீனிடம். குச்சி இல்லாத நிலம் துப்பரவான நிலம். எங்களுடைய சனம் பதினைந்து வருசமாக அப்படித்தான் நடந்து பழகியிருக்கிறது. நான் குச்சியைத் தூக்கியபோது, இறங்கலாம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தமாதிரித்தான். அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவேயில்லை.

குழாய் கட்டையாக இருந்தது, பம்மை மேலே வைத்தால் அடிக்கு எட்டாது. வற்றின கிணற்றுக்குள் பம்மை இறக்கி இறைக்கிறது இந்தப் பக்கத்துத் தோட்டக்காரரின் பழக்கம். அண்ணையும் அப்படியே பெற்றோல் பம்மைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கி, ஸ்ராட் பண்ணி, குழாயைச் சரிப்படுத்த ஏணியில் கீழே போனார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று ஓடாத குழிக்குள் பெற்றோல் புகை ஆளைக் கொல்லும். அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழுப் புள்ளி எடுத்தவன் நான். அட கடவுளே! எழும்பினேன், கால் வரவில்லை.

அந்த நேரம்தான் சுதாஜினி எண்ணிக்கொண்டு வந்தார். "பன்ரெண்டு, பதின்மூண்டு..." நின்றார். குழிப் பக்கம் திரும்பினார். ஓடினார். இந்த மனிசி ஓடி ஆலையில் ஒருவரும் பார்த்ததில்லை. எனக்கும் அப்போதுதான் கால் வந்தது.

அண்ணை ஏணிப்படியில் முழங்கையைக் கொளுவிக்கொண்டு, தலை தொங்கி நின்றார். றம்சீன் ஏற்கெனவே ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். சுதாஜினி அவனைக் கொலரில் பிடித்து இழுத்தார். "ஒருத்தரும் இறங்கப்படாது! இறங்கினா ரெண்டு பிரேதம்!" கயிற்றில் சுருக்குப் போட்டுக் கீழே விட்டார். "அப்புத்துரை அண்ணை, இஞ்ச பாருங்கோ. என்னைப் பாருங்கோ. சுருக்குக்குள்ள கையைப் போடுங்கோ." கத்தவில்லை, பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைக்கிற குரல். மூன்றாம் தரம் அண்ணை தலையை நிமிர்த்தினார். ஒரு கை சுருக்குக்குள் போனது. நாலு பேர் இழுத்தோம். நாலில் ஒருவன் நான். பம் உள்ளே கிடந்து புகைத்துக்கொண்டே இருந்தது.

ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மத்தியானம் செய்தி வந்தது, அண்ணை கண் திறந்துவிட்டார், தேத்தண்ணி கேட்கிறார். நானா முற்றத்தில் நின்று, "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, "குச்சியில கை வச்சவன் ஆராயிருந்தாலும் நாளைக்கு இஞ்ச வேலை இல்லை" என்றார்.

பின்னேரம் மூன்று மணிக்கு சுதாஜினி என்னுடைய அறைக்கு வந்தார். "சேர், விபத்துப் புத்தகத்தில எழுதோணும்." அந்தப் புத்தகத்தில் கோடு போட்டவன் நான். திகதி, இடம், காரணம், பொறுப்பு என்று நாலு நிரல். அலுமாரியிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கும்போது என்னுடைய கையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் பூச்சு. அன்றைக்குத் திங்கட்கிழமை. கையை மடக்கினேன், காலம் கடந்துவிட்டது.

அவர் கதிரையை இழுத்துப் போட்டார். இருந்து, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார். 'பொறுப்பு' என்ற நிரலில் முதலில் தன்னுடைய பெயர். 'ஆளை நிறுத்தாமல் குச்சியை மட்டும் நம்பி விட்டுப் போனேன்.' தலைகீழாக வாசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தன்னை எழுத இந்த மனிசியால் எப்படி முடிகிறது? எனக்கு ஏன் முடியவில்லை? மகளின் படிப்பு, பதினொரு வருசம், நாளைக்கு ஊரில் எந்த முகத்தோடு நடப்பது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது.

அவருடைய பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருந்தது. புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பேனையை மேலே வைத்தார். பிறகு கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி இருந்தார்.

வெளியே லொறிக்காரர் கதைக்கிற சத்தம் கேட்டது. எழுதினேன்.

"முடிஞ்சுது" என்றேன்.

சுதாஜினி எழும்பி வந்தார். பேனையை எடுத்தார். நான் எழுதின வரியை வாசிக்காமல், இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அதற்குக் கீழே தன்னுடைய கையெழுத்தை வைத்தார்.