வட்டத்துக்கு நடுவில் இரண்டு பேர்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'வட்டம்', கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தவர்களுக்கு 'வட்டம் சார்'. கையில் பேனா கிடைத்தால் போதும், ஒரு வட்டம் போடுவார். நடுவில் ஒரு புள்ளி வைப்பார். "இதுதான் நபர்" என்பார். சுற்றிலும் டாக்டர், நர்ஸ், பிசியோ, சமூகநலத் துறை, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுகிறவர் என்று குட்டிக் குட்டி வட்டங்களாக வரைந்து, எல்லாவற்றிலிருந்தும் நடுப்புள்ளிக்குக் கோடு இழுப்பார். பார்க்கச் சிலந்தி வலை மாதிரியே இருக்கும். நடுவில் இருப்பது சிலந்தியா, மாட்டிக்கொண்ட ஈயா என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

வேலை என்னவோ நல்ல வேலைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவருக்குக் கட்டுப் பிரிக்க ஒரு ஆள் வருவார், கால் நீட்டி மடக்கச் சொல்ல ஒரு ஆள் வருவார், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று விசாரிக்க ஒரு ஆள் வருவார். ஒருவர் வந்துபோனது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டுவார்கள், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் யாருமே வரமாட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் இவர்களை ஒரே கயிற்றில் கட்டி இழுப்பது வட்டம் சாரின் பொறுப்பு. தவளைகளைத் தராசில் நிறுக்கிற உத்தியோகம்.

அதிலும் அவர் பெருமைப்பட்டுக்கொள்ள விஷயம் இருந்தது. 'நபர் இல்லாமல் நபரைப் பற்றிப் பேசாதே' என்று கூட்ட அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதவைத்தவர் அவர்தான். வீட்டுக்குப் போகிற ஊழியர்கள் நபரைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும், மற்றவர்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டும் என்ற விதியும் அவர் கொண்டுவந்ததே. ஒரு வீட்டில் மாமியாரிடம் "வலிக்குதாம்மா?" என்று நர்ஸ் கேட்டபோது, "அதெல்லாம் வலிக்கலை" என்று மருமகன் பதில் சொன்ன கதையைக் கேட்டுக் கொதித்துப்போய் அன்றைக்கே எழுதிய விதி. நல்ல விதிதான். அது அவர் வீட்டு வாசலையே மிதிக்கிறவரை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சுழல்நாற்காலியில் ஏறி நிற்காது என்பதுதான் வித்தியாசம். புதிதாக அச்சடித்து வந்த பெரிய வட்டப்படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு ஏணி கொண்டுவரச் சொல்லாமல், சக்கரம் வைத்த நாற்காலியில் ஏறி நின்றார் வட்டம் சார். நாற்காலி ஒரு அரைவட்டம் போட்டது. மீதி அரைவட்டத்தை அவர் போட்டார். விழும்போதும் படத்தைக் கைவிடவில்லை என்று அலுவலகத்தில் இன்றும் புகழ்ந்து பேசுகிறார்கள். படத்துக்கு ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வலது கால் எலும்புதான் முறிந்தது.

தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவரிடம் காலையில் வந்த டாக்டர் கேட்டார், "வீட்ல படி இருக்கா? ஏற முடியுமா?" நர்ஸ் வந்து கேட்டாள். பிசியோ வந்து கேட்டான். சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவரும் கேட்டார். 'ஒரு கேள்வியை ஒருவரே ஒருமுறைதான் கேட்க வேண்டும்' என்று ஊர்முழுக்கச் சுற்றறிக்கை விட்ட மனிதர், கட்டிலில் படுத்தபடி, "முன்வாசல்ல படி இருக்கு, ஏற முடியாது" என்று கிளிப்பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊருக்கு உபதேசம் எந்த லட்சணத்தில் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் லேசாகப் பொறி தட்டியது. அதையும் வலிமாத்திரை அமுக்கிவிட்டது.

வீட்டில் அக்கா இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாத தம்பியும், புருஷனைப் பறிகொடுத்த அக்காவும் ஒரே வீட்டில் குப்பை கொட்டி வெகுகாலம் ஆகிறது. அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை நோய் கண்ணைப் பறித்துக்கொண்டது. வாயை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வீட்டுக்குள் அவளுக்குக் கண் தேவையில்லை. டீ போடுவாள், துணி மடிப்பாள், தம்பி கழற்றிப் போட்ட செருப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லித் திட்டுவாள். செய்ய முடியாதது ஒன்றுதான். காலை ஊசி மருந்தை அளந்து ஏற்றிப் போட்டுக்கொள்ள முடியாது. அது தம்பியின் வேலை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மட்டும் சர்க்கரை நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போனாள்.

ஆம்புலன்சிலிருந்து இறக்கி அவரைச் சோபாவில் வைத்ததும் அக்கா கிட்டே வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா சுவர் மாதிரி கட்டியிருக்காங்கடா. இதுல ஒரு படம் மாட்டலாம்."

"வந்ததும் ஆரம்பிச்சுட்டியா?"

"கண்ணு தெரியாத நான் இத்தனை வருஷமா விழுந்ததில்லை. ரெண்டு கண்ணும் தெரியுற நீ விழுந்துட்டு வந்திருக்கே. நான் பேசாம வேற யாருடா பேசுவா?"

அன்றிலிருந்து இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை, வட்டம் வரையவில்லை. அவர் எழுந்திருக்க வேண்டும் என்றால் அக்காவின் தோளைப் பிடித்துக்கொள்வார். அக்கா நடப்பாள், அவர் ஊன்றுகோலோடு பின்னால் தத்துவார். வழியில் பக்கெட், நாற்காலி ஏதாவது இருந்தால் அவர் குரல் கொடுப்பார். ஊசியை உட்கார்ந்தபடியே போட்டுவிடுவார். அதற்குக் கைதானே வேண்டும். அடுப்படி அவளுடையது. கால் அவளுடையது, கண் அவருடையது, வாய் மட்டும் இரண்டு பேருக்கும் தாராளமாக இருந்தது.

முதலில் பிசியோ வந்தான். ஒல்லியாக, உயரமாக, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தவன், அக்காவைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு சொன்னான்.

"அம்மா, நீங்க கொஞ்சம் அந்த ரூம்ல இருக்கீங்களா? சாரைத் தனியாத்தான் பார்க்கணும். ரூல்."

"எந்தக் கம்மனாட்டி போட்ட ரூல்ப்பா அது?" என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளே போனாள்.

வட்டம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப எழுந்து நில்லுங்க சார்" என்றான் பிசியோ. தோள் அடுத்த அறையில் இருந்தது. அவர் முக்கினார், முனகினார், எழுந்திருக்க முடியவில்லை. 'எழ உதவ வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு அவன் போனான்.

அடுத்த நாள் சர்க்கரை நர்ஸ். உள்ளே வந்ததும் அவரைக் கைத்தாங்கலாகப் படுக்கையறையில் கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினாள். விதியாயிற்றே. அக்காவின் கையில் ஊசியைக் கொடுத்து, "நீங்களே மருந்து ஏத்திப் போட்டுக் காட்டுங்கம்மா" என்றாள்.

"ஊசி போடறவனைத்தான் நீ உள்ளே பூட்டி வெச்சிருக்கியேம்மா!"

"அவரே நோயாளிம்மா. உங்களால முடியுமான்னுதான் நான் பார்க்கணும்."

'ஊசி போட வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு அவளும் போனாள். பிசியோ எழுதியது ஒரு துறைக்குப் போயிற்று, நர்ஸ் எழுதியது இன்னொரு துறைக்கு. வட்டம் சார் கட்டிய அருமையான அமைப்பு அல்லவா, இரண்டும் ஒரே நாளில் சமூகநலத் துறை அம்மாவின் மேசையில் சேர்ந்து விழுந்தன. அமைப்பு ஒழுங்காக வேலை செய்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் காலை போன் வந்தது. அக்கா எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நல்ல சேதி! உங்க அக்காவுக்கு ஒரு காப்பகத்துல இடம் கிடைச்சிருக்கு. ஊருக்கு அந்தப் பக்கம். திங்கக்கிழமை கார் வரும். தற்காலிகமாத்தான், சார்."

'தற்காலிகம்' என்ற அந்தச் சொல்லையும் துறைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். சொன்னால் குடும்பங்கள் அழுவதில்லை, அதனால் கூட்டங்கள் சீக்கிரம் முடிகின்றன என்று கண்டுபிடித்திருந்தார். போனை வைத்துவிட்டு அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, தற்காலிகமாப் போனவங்க யாராவது திரும்பி வந்தாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

"ஒருத்தர் வந்தார்."

"பரவாயில்லையே!"

"மூக்குக்கண்ணாடியை வீட்ல விட்டுட்டுப் போயிட்டார். அதை எடுக்க வந்தார்."

அக்கா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்தாள். மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "பச்சைப் புடவையை மட்டும் மேலே வைக்கிறேன். எது பச்சைன்னு சொல்லு" என்றாள். அவர் அடுக்கிலிருந்த நீலத்தைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், பச்சையையும் பார்த்தார். சொல்லவில்லை. போனை எடுத்தார்.

"மேடம், எங்க வீட்ல ஆள் இருக்கு. எனக்கு அவ இருக்கா, அவளுக்கு நான் இருக்கேன்."

"சார், ரெண்டு ரிப்போர்ட்லயும் ஆள் இல்லைன்னு இருக்கே?"

"தனித்தனியாப் பார்த்தா இல்லைதான் மேடம். சேர்ந்து பார்த்தா இருக்கோம்."

"தனித்தனியாத்தான் பார்க்கணும்னு நீங்கதானே சார் எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க? குடும்பத்துக்காரங்க இப்படித்தான் உருக்கமாப் பேசுவாங்க, அசையாதீங்கன்னு சொன்னீங்களே?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை வட்டம் சார் அதுவரை பழமொழியாக மட்டுமே கேள்விப்பட்டிருந்தார். அந்த வகுப்பில் கைதட்டல்கூட விழுந்தது.

"சரி மேடம். கூட்டம் போட்டுத்தானே முடிவு பண்ணணும்?"

"நாளைக்குக் கூட்டம். மாடியில, வழக்கமான ரூம்."

"அந்த ரூம் சுவர்ல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. நபர் இல்லாமல் நபரைப் பற்றிப் பேசக் கூடாது. நபர் மாடி ஏற முடியாது. மாடிதான் இறங்கி வர வேண்டும். அவர் போட்ட விதிகளில் ஒன்று அவருக்கே வாலாட்டியது அப்போதுதான்.

மறுநாள் பிசியோ, நர்ஸ், சமூகநலத் துறை அம்மா மூன்று பேரும் வீட்டுக்கே வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பிசியோவும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கதான் அந்த நர்ஸா? வருஷக்கணக்கா மெயில்ல பேசிட்டு இருக்கோமே!"

"நீங்க ஆம்பிளையா? எழுத்தைப் பார்த்து நான் ஏதோ வயசான அம்மான்னு நினைச்சேன்."

ஒருங்கிணைப்பாளர் சோபாவில் குறுகிப்போனார்.

சிறிய அறை. ஆளுக்கொரு பெரிய பை. எல்லாவற்றையும் தரையில் கண்டபடி வைத்தார்கள். சமூகநலத் துறை அம்மா தொண்டையைச் செருமினார். "முதல்ல அக்காகிட்ட அவங்க விருப்பத்தைக் கேட்கணும். சார், நீங்க கொஞ்சம் அந்த ரூம்ல இருங்க. அவங்க மனசு விட்டுப் பேசட்டும்."

"தாராளமா" என்றார் வட்டம் சார். ஊன்றுகோலை எடுத்தார். "அக்கா."

அக்கா எழுந்து வந்து தோளைக் கொடுத்தாள். அவர் பிடித்து எழுந்தார். "வலது பக்கம் ஒரு பை. இடது பக்கம் ஒதுங்கு. முன்னால இன்னொண்ணு, நர்ஸம்மா பை, நல்லா பூசணிக்காய் சைஸ்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் முன்னால், அவர் பின்னால், ரயில் மாதிரி இரண்டு பேரும் அடுத்த அறைக்குள் போனார்கள்.

அதிகாரிகள் மூன்று பேரும் காலி சோபாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நீங்க இங்கே வரணும்!" என்று கூப்பிட்டார் சமூகநலத் துறை அம்மா.

"வரேன்மா! உங்க பையெல்லாம் எங்கெங்கே கிடக்குன்னு சொல்றவன் உள்ளே இருக்கானே, அவனையும் கூட்டிட்டு வந்துடறேன்!"

ரயில் திரும்பி வந்தது. சோபாவில் உட்கார்ந்தது.

பிசியோதான் முதலில் வாயைத் திறந்தான். "எழுந்திருக்க உதவ ஆள் இல்லைன்னு நான்தான் மேடம் எழுதினேன். ஆளை நானே உள்ளே அனுப்பிட்டு எழுதியிருக்கேன்."

"நான் ஊசி போடறவரையே உள்ளே வெச்சுக் கதவைச் சாத்தினேன்" என்றாள் நர்ஸ்.

"அப்ப இதுல நபர் யாரு, பார்த்துக்கறவர் யாரு? என்னன்னு எழுதறது?" என்று கேட்டார் சமூகநலத் துறை அம்மா. கேட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். விதி ஒருபுறம் இருக்கட்டும், அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "நீங்க சொல்லுங்கம்மா. தம்பி இருக்காரேன்னு பார்க்காதீங்க. காப்பகத்துல நல்லாப் பார்த்துப்பாங்க. போறீங்களா?"

"தம்பி இருக்கான்னுதாம்மா பார்க்கறேன்" என்றாள் அக்கா. "அங்கே ஊசி நல்லாப் போடுவாங்க, சாப்பாடு நல்லாப் போடுவாங்க. நான் திட்டறதுக்கு யாரைப் போடுவாங்க?"

தம்பி பலமாக இருமினார். அந்த இருமல் யாரையும் ஏமாற்றவில்லை.

சமூகநலத் துறை அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, திங்கட்கிழமை காரை வேண்டாம் என்றார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். கால் கூடும்வரை நர்ஸும் பிசியோவும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் சேர்ந்து வர வேண்டும், அக்கா தம்பி இரண்டு பேரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வட்டம் சார் பழக்க தோஷத்தில் ஒரு காகிதத்தை எடுத்து வட்டம் போட்டார். நடுவில் புள்ளி வைத்தார். யோசித்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு புள்ளி வைத்தார்.

"என்னடா கிறுக்கறே?" என்றாள் அக்கா. பேனாச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருக்குமா?

"உன்னையும் நடுவுல வெச்சிருக்கேன்."

"பார்த்துடா. நாற்காலி மேல ஏறி மாட்டாதே."

அடுத்த வாரம் நர்ஸும் பிசியோவும் சேர்ந்தே வந்தார்கள். யார் முதலில் நுழைவது என்று தெரியாமல் வாசலில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டு, ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பேனாவைத் திறந்தார்கள்.

"சார், படி ஏற முடியுமா?" என்றான் பிசியோ.

"சார், படி..." என்று நர்ஸும் ஆரம்பித்தாள்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏற மாட்டான்! ஏறினா விழுவான்! ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக்குங்க!"