வணங்கிய பிறகு

வில்லாபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் கராத்தே சொல்லித்தந்த மாஸ்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை உடுப்பு. படியைக் கூட்டும் அக்காவைப் பார்த்தாலும் இடுப்பு வரை குனிந்து வணங்குவார். தப்பாகக் கால் வைத்த குழந்தையையும் அப்படி வணங்கிவிட்டுத்தான் பிரம்பால் கெண்டைக்காலில் ஒரு அடி வைப்பார். அந்தப் பணிவு என் ஏழு வயது மகளுக்கும் வரட்டும் என்றுதான் சேர்த்தேன்.

வந்தது. ஒருநாள், பொம்மையைப் பிடுங்கிய இரண்டு வயதுத் தம்பியின் முன்னால் நின்று குனிந்து வணங்கினாள். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் உதைத்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன்.

“வணக்கம் வச்சாளாம்மா?”

“வச்சா மாஸ்டர். ஆனா அவன் பச்சப்புள்ள!”

“கோவத்துல அம்புட்டுப் பேரும் அதத்தான் மறந்துருவாய்ங்க. உங்க புள்ள மறக்கல பாருங்க” என்றார் பெருமையாக.

அவரைக் கெட்டவர் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அன்றே வகுப்பை நிறுத்தினேன். வீட்டில் அதைச் சொன்னபோது மகள் அழவில்லை. என் எதிரே வந்து நின்று, இடுப்பு வரை குனிந்தாள்.